பிரம்பு நீங்கிய பள்ளி

மகனைப் பள்ளியிற் சேர்க்க வந்த தந்தை, "கண்ணிரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா" என்று ஆசிரியரிடம் சொல்லிச் சென்ற காலம் ஒன்றுண்டு. அவர் அதனைப் பகையினாற் சொல்லவில்லை. தம் மகன் முன்னுக்கு வரவேண்டுமென்ற ஆவலினாலேயே சொன்னார். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலோ கோதண்டம் என்றொரு தண்டனை இருந்தது. மேலே கட்டிய கயிற்றில் சிறுவனைத் தொங்கவிட்டு அடிப்பது அது. அடியாத மாடு படியாது என்பார்கள். அப்பழமொழி மாட்டுக்கேனும் பொருந்துமா என்று நல்ல உழவர் ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாம். குழந்தைக்குப் பொருந்தாது என்பதை மட்டும் நம் நாட்டுச் சட்டம் ஐயத்திற்கிடமின்றிச் சொல்லிவிட்டது.

2000 ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், மாணவரை அடிக்க இடங்கொடுத்த பள்ளி விதிகளைச் செல்லாதவையாக்கிற்று. பின்னர் வந்த 2009 ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 17 ஆம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையை மட்டுமன்றி உள்ளத்தை வருத்துவதையும் விலக்குகிறது. "மண்டு", "மக்கு" என்னும் சொற்களும் அவ்விலக்கின் எல்லைக்குள் வருவனவே. இச்சட்டத்தின் தேவை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று: மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007 இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளுள் நூற்றுக்கு 65 பேர் பள்ளியில் அடிபட்டதாகக் கூறியிருந்தனர்.

ஆயினும் சட்டம், செய்யத் தகாததைச் சொல்லுமேயன்றி, செய்யத்தக்கதை முழுதும் சொல்லிவிடாது. காலை மணியடித்ததும் நாற்பது குழந்தைகளுக்கு எதிரே நிற்கும் ஆசிரியர், "பிரம்பை வாங்கிக்கொண்டீர்கள், அதற்கு ஈடாக என் கையில் என்ன தந்தீர்கள்?" என்று கேட்டால், அக்கேள்வியைத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

இதற்கு விடை தேடியவர்களுள் குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகாவை முதலில் நினைக்க வேண்டும். வழக்கறிஞராக இருந்த அவர், தமக்கு ஒரு மகன் பிறந்த பிறகு குழந்தைக் கல்வியின்பால் ஈடுபாடு கொண்டார். 1916 இல் பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி நிலையத்திற் சேர்ந்து, 1920 இல் அங்கே பாலமந்திர் என்னும் சிறுவர் பள்ளியைத் தொடங்கினார். 'மீசை வைத்த தாய்' என்று மக்கள் அவரை அழைத்தனர் என்றால் அவருடைய முறை எத்தகையது என்பது விளங்கும். 1939 இல் மறைந்த அவர் எழுதி வைத்த 'திவாஸ்வப்ன', அதாவது பகற்கனவு என்னும் நூல் கதை வடிவில் அமைந்தது. எனினும் வகுப்பறையில் உழன்று பழகியவர் எழுதியது அது என்பதைப் பக்கந்தோறும் காணலாம்.

அந்நூலில் வரும் ஆசிரியர் புதுமுறைகளைப் படித்துவிட்டு நான்காம் வகுப்பொன்றை ஏற்கிறார். முதல் நாள் 'அமைதி விளையாட்டு' ஒன்றை நடத்த முயல்கிறார். பிள்ளைகள் கூச்சலிட்டுக் கலகலப்பாக்கி விடுகிறார்கள். அடுத்த நாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார், வகுப்பு அடங்கிவிடுகிறது. அடக்கியவர் ஒருவருமில்லை; கதை கேட்க வேண்டுமானால் பேசாதிருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்கின்றனர். பிறகு விளையாட்டும், தூய்மைப் பழக்கமும், வகுப்பிற்கென்று ஒரு நூலகமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அமைதி வேண்டுமென்று கட்டளையிடுவதற்கும், அமைதியாக இருக்க ஒரு காரணத்தை உண்டாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் இங்கே காண்கிறோம். எல்லா ஆசிரியருக்கும் கதை சொல்லும் திறம் வாய்க்குமா என்று சிலர் கேட்பர். வாய்க்காது. ஆனால் ஒருவருக்குப் பாட்டு வரும். மற்றொருவருக்குத் தோட்டவேலை வரும். இன்னொருவர் களிமண்ணில் யானை செய்வார். அதுபோதும்.

குறும்புக்குக் காரணம் குணமே என்று நாம் விரைந்து முடிவு செய்துவிடுகிறோம். பதினொரு மணிக்குப் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும் சிறுவன் காலையில் உண்டானா என்பதை முதலிற் கேட்க வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த உணவே தரவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 இல் ஆணையிட்டது. அதன் பயனாக நண்பகல் உணவு நாடெங்கும் கிடைக்கிறது. காலைப் பசிக்கு அது விடையாகாது என்பதையுணர்ந்து தமிழ்நாடு 2022 இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளிற் காலை உணவும் வழங்கத் தொடங்கிற்று. பசியைப் போலவே மற்றொன்றும் உண்டு. அதனை வெளிப்படையாகப் பேச நாம் கூசுகிறோம். பூட்டிய கழிப்பறைக்கும் ஒழுகாத குழாய்க்கும் அஞ்சித் தண்ணீரே குடியாமல் மாலைவரை அமர்ந்திருக்கும் சிறுமியின் கவனம் பெருக்கல் வாய்பாட்டில் எவ்வாறு நிற்கும்? கேரளத்துப் பள்ளிகளில் 2019 இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணியடிக்கத் தொடங்கினார்கள். செலவில்லாத ஏற்பாடு, எங்கும் செய்யலாம்.

மொழியும் ஒரு காரணமாகும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ பெற்றோருடன் பிழைப்புத் தேடி வந்த குழந்தை, ஆசிரியர் சொல்வது புரியாமல் சன்னல் வழியே வெளியே பார்க்கிறது. கீழ்ப்படியாமை என்று அதற்குப் பெயரிடுவது பெரும் பிழை.

இனி, வகுப்பு நடைமுறைக்கு வருவோம். ஆசிரியர் வெளியே செல்லும்போது வகுப்புத் தலைவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, பேசுகிறவர் பெயர்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதச் சொல்லும் வழக்கத்தை நேயர்களுள் அறியாதார் இரார். தலைவனுக்கு வேண்டாதவன் பெயர் முதலில் ஏறும். மாங்காய்த் துண்டு கொடுத்தவன் பெயர் அழியும். நீதியைப் பற்றிக் குழந்தை கற்கும் முதற்பாடம் இதுவாக இருப்பது வருந்தத்தக்கது. அதே பலகையில், கீழே விழுந்தவனைத் தூக்கிவிட்டவள் பெயரை எழுதலாகாதா? ஆனால் ஓர் எச்சரிக்கை: "நல்ல பெண்" என்று பொதுவாகப் புகழ்வதினும், "நீ பென்சிலைப் பகிர்ந்துகொண்டாய், அவன் அழுகை நின்றது" என்று செய்த செயலைச் சுட்டிச் சொல்வதே பயன் தரும். எந்தச் செயலை மீண்டும் செய்யலாம் என்பது அப்போதுதான் குழந்தைக்குத் தெளிவாகிறது. மிட்டாயைப் பரிசாக்கினாலோ, மிட்டாய் தீர்ந்த அன்று நல்லொழுக்கமும் தீர்ந்துபோகும்.

விதிகள் மூன்று நான்குக்கு மேற்பட வேண்டியதில்லை. "ஓடாதே" என்பதைவிட "தாழ்வாரத்தில் நடந்து செல்வோம்" என்பது நன்று. அதனையும் வாய்பாட்டைப் போலவே நடத்திக் காட்டிப் பழக்க வேண்டும். சொன்ன அளவில் எந்தக் குழந்தையும் எழுதப் பழகுவதில்லை. நடத்தையில் மட்டும் அதனை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் எட்டாம் வகுப்புவரை மகிழ்ச்சிப் பாடம் என்றொரு பாடவேளை ஏற்படுத்தப்பட்டது. தேர்வில்லாமல், சற்று நேரம் அமைதியாக அமர்தலும், கதையும், உரையாடலுமாக அது அமைந்தது. போற்றத்தக்க முயற்சியே. எனினும் அந்தப் பாடவேளை முடிந்தவுடன் அடுத்த வேளையில் ஏச்சுத் தொடங்குமானால், குழந்தை இரண்டாவதையே உண்மையென்று நம்பும் என்பது நம் கருத்து.

ஆசிரியரின் நிலையையும் மறத்தலாகாது. அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அட்டவணை. ஐந்து வகுப்புகளை அவ்விருவர் ஒரே கூடத்தில் வைத்து நடத்துவது நம் சிற்றூர்களிற் காணும் காட்சி. அவர்களுள் ஒருவர் கணக்கெடுப்புக்கோ தேர்தல் பணிக்கோ சென்றுவிட்டால், எஞ்சியவரிடம் பொறுமையை மட்டும் வற்புறுத்துவது எளிதான அறவுரையாகும். சினம் பெரும்பாலும் சோர்விலிருந்து பிறக்கிறது.

அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்திற் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 21 ஆம் பிரிவு. கூரை ஒழுகுவதும் சுவருக்கு வெள்ளையடிப்பதும் அக்குழுவிற் பேசப்படுகின்றன. பள்ளிக்கு வர அஞ்சும் குழந்தைகள் எத்தனை பேர், ஏன் அஞ்சுகின்றனர் என்பதையும் அங்கே கேட்கலாம். கேட்டால் விடை சொல்லும் கடமை பள்ளிக்கு உண்டு. அடுத்த கூட்டத்திற்குச் செல்லும் பெற்றோர், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதோடு, வகுப்பினுள் ஒருமுறை எட்டி, கரும்பலகையின் ஓரத்தில் யார் பெயர் எதற்காக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்து வரட்டும்.