உச்சிக்குழி வழியே ஒரு ஸ்கேன்

குழந்தை மருத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனத்தை 1956-இல் கொல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் கே.சி. சௌத்ரி. அந்த நகரத்தின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று வழக்கமாகிவிட்ட ஒரு பரிசோதனை, மூளை அல்ட்ராசவுண்ட்.

பிறந்த குழந்தையின் தலையில் உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எலும்பு இன்னும் மூடவில்லை. ஒலியலை தடையில்லாமல் உள்ளே போகும். வெதுவெதுப்பான ஜெல்லைத் தடவி, சின்னக் கருவியை மெல்ல வைத்தால் மூளை திரையில் தெரியும். இன்குபேட்டரை விட்டுப் பிள்ளையைத் தூக்க வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை.

32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்கு மூளையின் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. கசிவு பெரும்பாலும் முதல் 3 நாளில் நேரும். வெளியே அறிகுறியே தெரியாமலும் இருக்கலாம். சில பாதிப்புகள் வாரங்கள் கழித்தே தெரியும். ஆகவே முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் மறு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். அதற்குள், அழாதபோதும் அது புடைத்திருந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.