முன்னுரையும் ஒரு ஜாமீன் கையெழுத்துதான்

(தருமபுரியில் நடந்த முதல் கவிதைத் தொகுப்பு ஒன்றின் வெளியீட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கிளார்க். கடன் பத்திரங்களோடுதான் என் பகல் கழிகிறது. ஜாமீன் போடுகிறவருக்கு ஒன்று தெரியும். கடன் வாங்கியவரால் கட்ட முடியாமல் போனால் நோட்டீஸ் தன் வீட்டுக்கும் வரும். தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறார். புதுசா எழுத வர்றவங்களுக்குப் பேர் பெற்ற எழுத்தாளர்கள் தருகிற முன்னுரையையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மராத்தியில் தலித் பேந்தர்ஸ் 1972இல் தொடங்கியது. அதே காலத்தில் வந்தது நாம்தேவ் தசாலின் முதல் தொகுப்பு 'கோல்பிதா'. அவர் பம்பாயில் டாக்சி ஓட்டியவர். பாலியல் தொழில் நடக்கும் தெருக்களின் பேச்சு அதில் அப்படியே இருந்தது. முன்னுரை எழுதியவர் விஜய் தெண்டுல்கர். அப்போதே பெரிய நாடகாசிரியர், பிராமணர். பல சொற்கள் அவருக்குப் புரியவில்லை. தசாலிடமே அர்த்தம் கேட்டார். என்னை அந்தத் தெருக்களுக்குக் கூட்டிப் போ என்றார், போனார். அப்புறம்தான் எழுதினார். நம்மிடம் வருகிற முன்னுரைகளில் எத்தனை பேர் சேரிக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதுகிறார்கள்? 'மொழி இன்னும் செம்மைப்பட வேண்டும்' என்று ஒரு வரி. முடிந்தது கதை.

முன்னுரை புத்தகம் வருகிற வரைக்கும்தான். வந்த பிறகுதான் கஷ்டமே. 2014இல் புதுக்கோட்டை மாவட்டம் குளந்திரான்பட்டைச் சேர்ந்த துரை குணா 'ஊரார் வரைந்த ஓவியம்' எழுதினார். ஊருக்குள் நடக்கும் சாதிக் கொடுமையைச் சொன்ன சின்னப் புத்தகம். அதற்காக அவரையும் குடும்பத்தையும் ஊர்விலக்கம் செய்தார்கள். 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தபோது உலகமே பேசியது. பேச வேண்டியதுதான். தமுஎகச அவருக்காக நீதிமன்றம் போனது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தில் எழுத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. ஜாமீன்தாரர் நிற்பது என்றால் அதுதான். ஆனால் இந்த அரங்கில் துரை குணா பேரைக் கேட்டதும் தலையாட்டியவர்கள் எத்தனை பேர்? அவருக்கு முன்னாடி பத்துப் புத்தகம் இல்லை, மொழிபெயர்ப்பு இல்லை. முதல் புத்தகக்காரன் அடிபட்டால் சத்தம் வெளியே வருவதில்லை. அதனால்தான் பேர் உள்ளவர்களின் குரல் அவனுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இது நம்ம மாவட்டத்துக்கு வெளியே நடந்த சங்கதி என்று உட்கார்ந்திருக்க முடியாது. 2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். அன்று பத்து வயதில் நின்று பார்த்த பிள்ளைக்கு இன்று இருபது தாண்டிவிட்டது. அது எழுத வரும். வந்தால் பேர் சொல்லி எழுதும், பிரச்சினை வரும்.

அன்றைக்கு மூத்தவர்கள் என்ன செய்யணும்? வாழ்த்துச் செய்தி வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போங்க. வக்கீல் பீஸில் ஒரு பங்கு கொடுங்க. அம்பது பிரதி காசு கொடுத்து வாங்குங்க. உங்களைக் கூப்பிடுகிற மேடையில் அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லுங்க. இதில் எதுவும் முடியாதுன்னா முன்னுரை எழுதாதீங்க. நோட்டீஸ் வந்தால் ஓடிப்போகிறவரின் கையெழுத்தை எங்க பேங்கிலேயே வாங்குவதில்லை.