மிச்சச் சோறு



போன வருஷம் குழுக் கூட்டத்தில் பாஸ்புக்கை நீட்டும்போதே மயங்கி விழுந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள். 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8தான் இருந்தது.

"சாப்பிட்ட கையோட டீ குடிப்பியாம்மா?"ன்னு நர்ஸம்மா கேட்டாங்க. குடிப்பேன். அப்படிக் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராதாம்.

கொடுத்த மாத்திரையை விடாமல் போட்டேன். வாரம் மூணு நாள் முருங்கைக்கீரை, கூடவே நெல்லிக்காய் இல்லேன்னா எலுமிச்சை. டீ ஒரு மணி நேரம் தள்ளித்தான். எல்லாரும் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிடுவதையும் விட்டேன். இப்போது 11.5.

கடன் தவணையைத் தவறவிடாத நாம, நம்ம ரத்தத்தை ஒரு தடவையாவது பார்த்தோமா? அடுத்த கூட்டத்துக்குள்ள பார்த்துட்டு வாங்க.