பழிக்கப்பட்டோர் பாட்டு

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உலகம் ஒழுகும் நெறியினின்று ஒருவன் விலகி நடப்பானாயின், அவனைப் பித்தனென்றும் பொய்யனென்றும் பழித்தல் உலகியல்பு. அங்ஙனம் பழிக்கப்பட்டோருட் சிலர் தம் மறுப்பைப் பாட்டாகவே விடுத்தனர். சிவவாக்கியர் முதலிய சித்தர் பாடல்களில் அம்மறுப்புச் சீற்றமாய்த் தோன்றும். இராமலிங்க அடிகள் பாடல்களிலோ இரக்கமாய்த் தோன்றும். ஈண்டு அடிகள் திறமே பேசக் கருதினோம்.

1823-ஆம் ஆண்டு மருதூரிற் பிறந்த அடிகளின் பாடல்களை, மாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-இல் 'திருவருட்பா' என்னும் பெயரால் முதல் நான்கு திருமுறைகளாக வெளியிட்டனர். நால்வர் முதலியோர் அருளிச்செயல்களுக்குரிய பெயர்களை இக்காலத்தார் பாட்டிற்குச் சூட்டுதல் தகாதெனச் சைவர் சிலர் வெகுண்டனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பினின்று மறுப்பு நூல் எழுந்தது. 1869-இல் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

நாவலர் தீயவரல்லர். பாடசாலை நிறுவியும் பழைய நூல்களைப் பிழையறப் பதிப்பித்தும் தமிழுக்கும் சைவத்துக்கும் பெருந்தொண்டு புரிந்தவர். இதனால் நாம் அறியத்தக்கது யாதெனின், தீயோர் மட்டுமன்றிக் கற்றோரும் நல்லோரும் பிறரைப் பிழைபட மதித்தல் கூடும் என்பதே.

அடிகள் செய்தது யாது? அம்பலத்திறைவன் முன் முறையிட்டுப் பாடினார், பசித்தார்க்குச் சோறிட்டார். 1867-ஆம் ஆண்டு மே மாதம் வடலூர்த் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு, வழக்கு நடந்த ஞான்றும் அவிந்திலது, இன்றும் எரிகின்றது. சாதி, சமயம், குலம், கோத்திரம் என்னும் பிரிவுகளை வெளிப்பட மறுக்கும் பாடல்கள் செறிந்த ஆறாந்திருமுறையோ, அடிகள் 1874-இல் மறைந்து பதினோராண்டு கழித்து, 1885-இலேதான் அச்சேறியது.

குலத்தின் பெயராற் கூடிய நாம் அப்பாடல்களைப் படித்தல் பொருந்துமோவெனின், நாமே முதற்கண் படித்தற்குரியோம். நம் இளைஞனொருவன் பிற குலத்தில் மணஞ்செய்தான், அல்லது சடங்கின்றி மணஞ்செய்தான் எனக் கேட்டவுடன் நாம் செய்வது என்னை? அவனை அழைத்து வினவுகின்றோமா? இல்லை. தலைக்கட்டு வரியை வாங்க மறுக்கின்றோம். அவன் வீட்டுச் சாவுக்கும் செல்லாதொழிகின்றோம். பாடவல்லார்க்குப் பாட்டேனும் துணையாயிற்று. பாடவறியாத அவன் தன் நியாயத்தை எவரிடம் சொல்லுவான்? அவனைப் பெற்றவள் எவ்வாசலிற் சென்று அழுவாள்?

ஆதலின் ஒன்று வேண்டுகின்றோம். எவரையேனும் விலக்குமுன் அவரைச் சபைக்கு அழைத்து, இருக்கை கொடுத்து, முற்றும் பேசவிட்டுக் கேட்டல் வேண்டும். அவர் கொள்கை நமக்கு உடன்பாடாகாதொழியினும், அவர் வீட்டுத் துயரில் நம் கால்கள் அவ்வாசலை மிதித்தல் வேண்டும். இதனை விதியாக எழுதி அடுத்த பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றுவீர்களாக.

பழியொன்று சொல்ல ஒரு நொடி போதும். அதனைத் துடைக்க ஒரு தலைமுறையும் போதாது.