மறைந்துபோன பேரங்காடிகள்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன நோட்டு. அரிசி, சீனி, மண்ணெண்ணெய், நெத்திலி என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வருவார். சம்பள நாளன்று கணக்குத் தீரும். மறுநாளே புதிய பக்கம் தொடங்கிவிடும். கடனில் சாமான் வாங்குபவர்கள் நாம் மட்டும்தான், பட்டணத்துப் பெரிய கடைகள் எல்லாம் ரொக்கத்தில் வாழ்கின்றன என்று சிறுவயதில் நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதைச் சிங்கப்பூரின் நகர நடுவில் கொடிகட்டிப் பறந்து, பின்னர் இல்லாமற்போன பேரங்காடிகளைப் பற்றிப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே 1950-களின் பிற்பகுதியில் ஃபிட்ஸ்பேட்ரிக்ஸ் என்ற பேரங்காடி எழுந்தது. குளிரூட்டப்பட்ட கடை. வாங்குபவரே தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அந்நாளில் அது பெரும் புதுமை. பெரும்பாலும் ஐரோப்பியக் குடும்பங்களும் வசதியுள்ளவர்களும்தான் அங்கே போனார்கள். பிற்காலத்தில் அந்த இடத்தில் புரோமெனாட் என்ற கட்டடம் வந்தது. பிறகு அதுவும் பாரகன் கட்டடத்தோடு சேர்ந்துவிட்டது. சீனத்துப் பொருள்களை மலிவாக விற்ற எம்போரியங்களும் இருந்தன. லிம் தாவ் யோங் என்பவர் வளர்த்த அந்தக் குழுமம் 1980-களில் கடன் சுமை தாங்காமல் சரிந்தது.

ஆனால் எல்லாரும் இன்றும் ஏக்கத்தோடு பேசுவது யாவோஹானைப் பற்றித்தான். 1930-இல் ஜப்பானின் அத்தாமி என்ற ஊரில் ஒரு கணவனும் மனைவியும் நடத்திய காய்கறிக் கடையாகத் தொடங்கியது அது. பல நாடுகளின் தொலைக்காட்சிகளில் ஓடிய 'ஓஷின்' நாடகத்தின் நாயகிக்கு, அந்த மனைவியான காத்சு வாடாதான் முன்மாதிரி என்று சொல்வார்கள். அவருடைய மகன் கசுவோ வாடா கடையைக் கடல்கடந்து கொண்டுசென்றார். 1974-இல் சிங்கப்பூரின் பிளாசா சிங்கப்பூராவில் யாவோஹான் திறக்கப்பட்டது. 1987-இல் கோலாலம்பூரின் 'த மோல்' கட்டடத்திலும் வந்தது.

நான் பத்து வயதுப் பையனாக இருந்தபோது, ஜொகூர் தோட்டத்திலிருந்து பேருந்தேறிச் சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனோம். சித்தப்பா எங்களை யாவோஹானுக்கு அழைத்துப் போனார். உள்ளே நுழைந்தவுடனே ரொட்டி வேகும் மணம்! கண்ணெதிரே சுட்டு அடுக்குவார்கள். உள்ளே சிவப்புப் பயறு வைத்த 'அன்பான்' என்ற பன் அங்கே பெயர்பெற்றது. என் தாயார் பணப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு கடை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றினார். கடைசியில் அந்தப் பன்னை மட்டும் ஒரு பை வாங்கினார். "இந்தக் கடைக்காரனுக்கு என்ன குறை? விளக்குக் கட்டணமே நம்ம வருசச் சம்பளம் வரும்" என்று சித்தப்பாவிடம் சொன்னார்.

குறை இருந்தது. அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பேரங்காடி எப்படி நடக்கிறது என்று சற்றுப் பார்ப்போம். ஒரு பால் டின்னை நாம் வாங்கும்போது கையோடு காசு கொடுத்துவிடுகிறோம். ஆனால் அந்த டின்னைக் கொடுத்த மொத்த வியாபாரிக்குக் கடை உடனே பணம் தருவதில்லை. முப்பது நாள், அறுபது நாள், சில வேளைகளில் தொண்ணூறு நாள் தவணை உண்டு. தோட்டத்துக் கடைக்காரர் நமக்குக் கடன் கொடுத்தார். பேரங்காடிக்கோ சரக்குத் தருபவர் கடன் கொடுக்கிறார். ஆக, பேரங்காடிக்கும் ஒரு 555 புத்தகம் இருக்கிறது! வியாபாரம் நன்றாக ஓடும்வரை இதில் தவறொன்றும் இல்லை. கையில் புரளும் அந்தப் பணத்தையும், அதற்குமேல் வாங்கிய கடனையும் நம்பிப் புதிய புதிய கிளைகளைத் திறக்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து வருகிறது.

யாவோஹான் அதைத்தான் செய்தது. கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டியது. 1990-இல் தலைமையகத்தையே ஹாங்காங்குக்கு மாற்றியது. சீனாவில் பெரும் முதலீடு செய்து, 1995-இல் ஷாங்காயில் மிகப்பெரிய கடையொன்றைத் திறந்தது. இதற்குள் ஜப்பானின் பொருளாதாரம் தளர்ந்துவிட்டது. பத்திரங்களுக்குப் பணம் திருப்பித் தர வேண்டிய நாளும் நெருங்கியது. 1997 செப்டம்பரில், ஏறக்குறைய 16,000 கோடி யென் கடனோடு தாய் நிறுவனம் நொடித்தது. சிங்கப்பூர்க் கிளைகளும் நிலைக்கவில்லை.

அதே பிளாசா சிங்கப்பூராவுக்கு 2003-இல் பிரான்சு நாட்டுக் கேரிஃபோர் வந்தது. அதுவும் 2012-இல் சிங்கப்பூரை விட்டே போய்விட்டது. அது நொடிக்கவில்லை. இந்தச் சந்தையில் முதலிடத்துக்கு வர முடியாது என்று கணக்குப் போட்டுக் கிளம்பிவிட்டது. அதே ஆண்டு மலேசியக் கடைகளையும் ஏயோன் நிறுவனத்திடம் விற்றது. ஒரே கட்டடத்தில் இரண்டு பெரிய கடைகள் வந்து போயின. ஒன்று கடனால் போனது, மற்றொன்று கணக்கால் போனது.

ஒரு கடை நொடித்தால் யாருக்கு முதலில் பணம் கிடைக்கும்? தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த வங்கி, ஈட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளும். பிறகு கலைப்புச் செலவும், தொழிலாளரின் சம்பளப் பாக்கியும் வரும். சம்பளப் பாக்கியிலும் ஓர் உச்சவரம்பு வரைதான் இந்த முன்னுரிமை. சரக்குக் கொடுத்த சிறு வியாபாரி வரிசையின் கடைசிப் பகுதியில் நிற்பார். அவரோடு நிற்பவர் யார் தெரியுமா? பரிசுச் சீட்டு வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தவர். மெத்தைக்கோ குளிர்பெட்டிக்கோ முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர். நகைச் சீட்டுக்குக் காட்டும் எச்சரிக்கையை நம் வீடுகளில் கடைப் பரிசுச் சீட்டுக்குக் காட்டுவதில்லை.

இனி வேறொரு கடைக்கு வருவோம். இது ஆர்ச்சர்ட் சாலையில் பிறக்கவில்லை. தோ பாயோ அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே 1973-இல் பிறந்தது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அரிசியையும் சீனியையும் பதுக்கி விலையேற்றிய வியாபாரிகளுக்கு எதிராகச் சிங்கப்பூர்த் தொழிற்சங்கக் காங்கிரஸ் 'வெல்கம்' என்ற கூட்டுறவுப் பேரங்காடியைத் திறந்தது. அப்போது காங்கிரசின் பொதுச்செயலாளராக இருந்தவர் தேவன் நாயர், பின்னர் சிங்கப்பூரின் அதிபரானவர். மலாக்காவில் பிறந்தவர், ரப்பர்த் தோட்டத்துக் கிராணியின் மகன்! 555 புத்தகம் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெல்கம் 1983-இல் மற்றொரு தொழிற்சங்கக் கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆனது. உறுப்பினருக்கு இலாப ஈவும், வாங்கிய பொருளுக்குத் தக்க கழிவும் உண்டு. யாவோஹான் போன பிறகும், கேரிஃபோர் போன பிறகும் அது இருக்கிறது.

கூட்டுறவு என்று பெயர் வைத்தாலே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. 1986-இல் மலேசியாவில் 24 வைப்புத்தொகைக் கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டு, இலட்சக்கணக்கானோர் சேமிப்பு சிக்கிக்கொண்டதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயரைவிட ஏட்டைப் பார்ப்பது நல்லது. கடை எவ்வளவு கடன் பட்டிருக்கிறது, சரக்கு எவ்வளவு இருப்பில் இருக்கிறது, யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்ற மூன்றும் ஆண்டுக் கணக்கறிக்கையில் இருக்கும். ஆறாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளை அதைப் படித்துவிடலாம். வீட்டில் யாரிடமாவது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பழைய அறிக்கை இருந்தால் எடுத்து வையுங்கள். அடுத்த பேச்சில் அதை வரிவரியாகப் பார்ப்போம்.