ஒரு தடவை சொன்னால் போதும்



ஒரு பிள்ளை துணிந்து வாய் திறந்துவிட்டது. "அந்த மாமா என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்." அப்புறம் என்ன நடக்கிறது? வகுப்பாசிரியை கேட்கிறார். தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துக் கேட்கிறார். அம்மாவை வரவழைத்து, அவர் முன்னால் இன்னொரு தடவை. "நல்லா யோசிச்சுச் சொல்லு, அவங்க குடும்பம் என்னாகும் தெரியுமா?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் வருவார். புகார் எழுதுவதற்குள் பிள்ளை சலித்துப் போய், "ஒண்ணும் நடக்கல" என்று சொல்லிவிடும். உடனே நாம், "பார்த்தீர்களா, பொய்ப் புகார்" என்கிறோம்!

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் உங்களை விசாரிக்கச் சொல்லவில்லை, ஐயா. தெரிந்தால் தகவல் கொடு, நடந்துவிடுமோ என்று அஞ்சினாலும் கொடு என்கிறது 19ஆம் பிரிவு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. பள்ளியின் பெயரைக் காப்பாற்றப் பிள்ளையைப் பலி கொடுக்காதீர்கள்!

காவல்துறைக்கும் வரம்பு உண்டு. பிள்ளையின் வீட்டுக்கோ, பிள்ளை விரும்பும் இடத்துக்கோ போய், கூடியவரை ஒரு பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிள்ளையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் கேட்பார். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது.

இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா அலையும் தாய்க்கு இதையெல்லாம் யார் சொல்வது? அதற்குத்தான் ஆதரவாளர் என்றொருவரைச் சட்டம் வைத்திருக்கிறது. மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் கூடவே நிற்பவர், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்பவர், இழப்பீட்டுக்கு மனுப்போட வழிகாட்டுபவர். அவர் தேவையா இல்லையா என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விடக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், இந்த ஒரு ஆள் கூட இருந்தாலே பாதி வழக்குகளில் பிள்ளை பின்வாங்காது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் முன்வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்கிறேன்: நம் மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இன்று ஆதரவாளர் இருக்கிறார்? பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த அவையில் வந்து சொல்லுங்கள்.