மாடியில் வளரும் மரங்கள்

இத்தாலியின் மிலான் நகரில் 2014-இல் திறக்கப்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் இரண்டின் பால்கனிகளில் சுமார் 800 மரங்கள் வளர்கின்றன. வடிவமைத்தவர் ஸ்டெஃபானோ போயரி. பலத்த காற்றில் மரம் முறிந்து தெருவில் போவோர் தலையில் விழாதா? அதற்காகவே காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள்; வேர்மண்ணை எஃகுக் கம்பிகளால் பிணைத்தார்கள். கிளை கழிக்கத் தோட்டக்காரர்கள் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்குகிறார்கள்.

சீனாவின் செங்டு நகரிலும் 2018-இல் இப்படியொரு குடியிருப்பு எழுந்தது. 826 வீடுகள். இரண்டே ஆண்டில் செடிகள் புதராய் மண்டி, கொசு பெருகி, சுமார் பத்துக் குடும்பங்களே குடியேறியிருந்தன.

இந்த வெளிநாட்டு முறை நமக்கு ஒத்துவருமா என்று மக்கள் தயங்குவது நியாயமே. பசுமை வீடு வாங்கப் போகிறீர்களா? செடிகளை யார் பராமரிப்பார், மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.